வேளச்சேரியா, சேலையூரா? வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தெருமட்ட மதிப்பீடு

தென்சென்னையில் எழுபது, எண்பது லட்சத்தை மனதில் வைத்து வீடு தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். ஒன்று வேளச்சேரி. இன்னொன்று, அங்கிருந்து பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போகும் சாலையின் மறுகோடியில் இருக்கும் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரம். வேளச்சேரியில் பதினைந்து இருபது வருடம் ஆன இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குக் கேட்கும் காசில், சேலையூர்ப் பக்கம் புது ஃபிளாட்டில் இன்னொரு அறை சேர்ந்து கிடைக்கும். தரகர்கள் ஒப்பிடுவது இதோடு முடிந்துவிடும். உண்மையில் பார்க்க வேண்டியதே இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். சேலையூர் ஏரி நிறைந்தால் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி இறங்கியும் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து சேரும். ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து வரும் வீராங்கால் ஓடை, வேளச்சேரி ஏரியின் உபரி எல்லாம் சேர்வதும் அதே சதுப்பில்தான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். இரண்டு ஊருக்கும் ஒரே நீர்வழி: சேலையூர் அதன் மேல்முனை, வேளச்சேரி கீழ்முனைக்குப் பக்கம்.

இதனால் இரண்டு இடத்து வெள்ளமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சேலையூர்ப் பக்கம் வரும் தண்ணீர் ஓடுகிற தண்ணீர். ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழேயும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள தெருக்களில் திடீரென ஏறும். வாய்க்கால் அடைபடாமல் இருந்தால் மழை விட்ட சில மணி நேரத்தில் வடியத் தொடங்கும். வேளச்சேரியில் வருவது நிற்கிற தண்ணீர். சதுப்பு நிறைந்து, கால்வாயும் நிறைந்து, கடலும் உள்வாங்காமல் இருக்கும்போது அதற்குப் போக வழியே கிடையாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ராம் நகர், ஏஜிஎஸ் காலனி, விஜய நகர்ப் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்குக் காரணம் இதுதான். மழைநீர் வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் கடைசி மடை திறக்காதவரை அது வெறும் தொட்டி.

“நம்ம வீடு மூணாவது மாடி சார், தண்ணி எப்படி வரும்?” என்று விற்பவர் கேட்பார். வீட்டுக்குள் வராது, சரி. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் மின்வாரியம் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லையென்றால் லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை, மேல்தொட்டியில் இருப்பது தீர்ந்தால் குளியலறையில் தண்ணீர் இல்லை. நிலத்தடித் தொட்டியான சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே போயிருக்கும். வடிந்த பிறகும் அதைக் கழுவி, மருந்து போட்டு, திரும்ப நிரப்பும் வரை லாரித் தண்ணீர்தான். அதனால் எந்த மாடி என்பதைவிட, தரைத்தளத்தில் எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீட்டர் பலகை தலைக்கு மேல் இருக்கிறதா? சம்ப் மூடி வண்டி நிறுத்துமிடத் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறதா? மோட்டார் மேடை மேல் நிற்கிறதா? லிஃப்ட் குழியில் ஈரமோ துரு வாடையோ இருக்கிறதா?

தெருவே நிறையச் சொல்லும். இரும்பு கேட்டின் அடிப்பகுதியில் ஒரே உயரத்தில் கிடைக்கோடாகத் துரு ஏறியிருந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். வண்டி நிறுத்துமிடச் சுவரில் மட்டும் நாலடி உயரத்துக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால், அடியில் என்ன கறை இருந்தது என்று கேளுங்கள். தெருமுனை மின்வாரியப் பில்லர் பாக்ஸ் தரையிலிருந்து நெஞ்சு உயர மேடைமேல் ஏற்றப்பட்டிருந்தால், அந்தத் தெருவை மின்வாரியம் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது என்று பொருள். பழைய தனி வீடுகளில் கேட்டைத் திறந்து கீழே இறங்கிப் போக வேண்டியிருந்தால், சாலை மேல் சாலை போட்டே தெரு உயர்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கடி தூக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சென்னையின் தாழ்வான பகுதிகளில் இது இப்போது ஒரு தனித் தொழில். ஒரு தெருவில் இரண்டு மூன்று வீடு அப்படித் தூக்கப்பட்டிருந்தால் தரகரிடம் மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை.

மனிதர்களில் நம்பத் தகுந்தவர் இஸ்திரி வண்டிக்காரர். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பவர். வீடு விற்றால் அவருக்குக் கமிஷன் கிடையாது. “இங்க தண்ணி வருமா?” என்று கேட்டால் “பெரிய மழைன்னா எல்லா இடத்துலயும் வரும்” என்றுதான் பதில் வரும். “2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுண்ணே? 2023-ல வண்டிய எங்க கொண்டு போய் விட்டீங்க?” என்று கேளுங்கள். கையை நீட்டி மட்டத்தைக் காட்டுவார். வண்டியை நகர்த்தவே இல்லை என்றால் அந்தத் தெருவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு, பலரும் விட்டுவிடுவது. வீட்டின் பழைய கிராம சர்வே எண்ணை மூலப்பத்திரத்திலிருந்து எடுத்து, வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அதைப் பாருங்கள். அந்த நிலம் ஒருகாலத்தில் நஞ்சையா புஞ்சையா என்பது அதில் இருக்கும். நஞ்சை என்றால் ஏரி மதகிலிருந்து தண்ணீர் தானாகப் பாய்ந்த நிலம், அதாவது ஏரியைவிடத் தாழ்ந்த நிலம். வயலை மனையாக்கி அறுபது லாரி மண் கொட்டினாலும் சுற்றுப்புறத்தின் சாய்வு மாறாது. புஞ்சையும் கிராம நத்தமும் பொதுவாக மேடு. பழைய ஊர்க்காரர்கள் குடியிருக்க மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேளச்சேரியில் தண்டீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர்ப் பகுதியையும், பிறகு வந்த நகர்களையும் ஒரு மழை நாளில் நடந்து ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியும். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, கழுவெளி, மேய்க்கால் என்று வகைப்பாடு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் பத்து வருடமாக இருக்கிறது என்பார்கள். அவை குடியிருப்பதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல.

வேளச்சேரியில் புது ஃபிளாட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை, பாதிப்பு மண்டலம் வரையறுக்கப்படும்வரை புதிய கட்டுமானத் திட்ட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. இந்த வட்டாரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் திட்டமாக இருந்தால் அனுமதி எண்ணையும் தேதியையும் வாங்கி, அந்த உத்தரவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் நேரில் கேட்டபிறகே முன்பணம் கொடுங்கள். சதுப்பு ஓரத்துக் களிமண்ணில் ஆழத்தில் தூண் இறக்கும் பைல் அடித்தளம் போட்டிருக்கிறார்களா என்பதற்கு மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பதும் முறைதான். தர மறுக்கும் பில்டரிடம் வேறு எதைக் கேட்டாலும் வராது. சேலையூர்ப் பக்கம் பாறை அருகிலேயே இருப்பதால் அடித்தளக் கவலை குறைவு. அதே பாறைதான் போர்வெல் ஆழத்தைக் கூட்டுகிறது.

குடிநீருக்கு வருவோம். நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நாளைக்கு 540 லிட்டர்; எட்டு வீட்டு அடுக்ககத்துக்கு 4,320 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று நாளைக்குக் கூட வராது. இதை வைத்துக்கொண்டு அசோசியேஷனில் ஏப்ரல், மே மாத லாரிச் செலவுக் கணக்கை மட்டும் கேளுங்கள். வருடச் சராசரி சொன்னால் மழைக்காலம் கோடையை மறைத்துவிடும். போர் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் நூற்றுச் சொச்சம் ரூபாய் டிடிஎஸ் பேனாவில் பாருங்கள்: 500-க்குள் இருந்தால் நல்லது, 2,000-ஐத் தாண்டினால் குழாய், கீசர், ஷவர் எல்லாம் வெள்ளை படிந்து அடைக்கும். இந்த அளவு தெருவுக்குத் தெரு மாறுவதால் ஊர்ப் பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது.

கழிவுநீரில் வேளச்சேரிக்கு மேல்கை. சென்னை மாநகராட்சிக்குள் நீண்ட காலமாக இருக்கும் பகுதி, பாதாளச் சாக்கடை உண்டு. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில்தான் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் எட்டவில்லை. சேலையூர்ப் பக்கம் பார்க்கும் வீட்டின் தெருவில் ஆள்துளை மூடி இருக்கிறதா, வீட்டிலிருந்து இணைப்பு கொடுத்தாயிற்றா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். குழாய் போட்டு மூடிவிட்டு இணைப்பு தராமல் நிற்கும் தெருக்களும் இருக்கும். செப்டிக் டேங்க் என்றால் அதன் கொள்ளளவும், லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும் மாதப் பராமரிப்பில் நேராக வந்து உட்காரும். தரைத்தளத்தில் வாங்குவோர் எந்த ஊரானாலும் கழிவுக் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். வெள்ளத்தில் முதலில் நிரம்புவது வாசலைவிடக் குளியலறைதான்.

போக்குவரத்தில் சேலையூர் தோற்கும் என்று நினைப்பவர்கள் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள். தாம்பரம் – கடற்கரைத் தடம் சென்னையின் முதுகெலும்பு: கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர், பார்க் எல்லாம் ஒரே வண்டி, காலையில் சில நிமிடத்துக்கு ஒன்று, பரங்கிமலையில் மெட்ரோவுக்கு மாறலாம். தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார இடமும் கிடைக்கும். குரோம்பேட்டைக்காரர்களுக்குக்கூட அந்தச் சுகம் இல்லை. சிக்கல் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைதான். கேம்ப் ரோட்டிலிருந்து கிழக்குத் தாம்பரம் ஸ்டேஷன் சுமார் இரண்டு கிலோமீட்டர், காலை எட்டரைக்கு அது தனிப் பயணம். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிப் போகப் போக ரயிலின் லாபத்தை ஆட்டோவும் வண்டி நிறுத்தும் இடத் தேடலும் தின்றுவிடும்.

வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007-இல் வந்தது. தரமணி, திருவான்மியூர், மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கம் வேலை இருப்பவர்களுக்கு அருமை. வண்டிகள் தாம்பரம் தடம் அளவுக்கு அடிக்கடி இல்லை, இரவு ஸ்டேஷன்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு 2008 வாக்கில் தொடங்கி, ஆதம்பாக்கம் பக்கம் ஐந்நூறு மீட்டர் நிலத் தகராறில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதைக் காட்டி விலை கேட்டால், நீங்கள் வீடு பார்க்கும் நாளில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி அதில் ஓடுகிறது என்பதற்கு மட்டும் விலை கொடுங்கள். “மெட்ரோ வருது” என்ற பேச்சுக்கும் இதே விதி. இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் புழுதிவாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியே போகிறது. வேளச்சேரிக்குள்ளும் வராது, சேலையூரையும் தொடாது. விஜய நகர் சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் வந்தபின் அந்த முனை மூச்சு விடுகிறது. வார இறுதியில் ஃபீனிக்ஸ் மால் இருக்கும் இடத்தைத் தாண்டிக் கிண்டி போவது மட்டும் இன்னும் பொறுமைச் சோதனை.

சொந்த ஊர் திருச்சிக்குத் தெற்கே என்றால் சேலையூருக்கு இன்னொரு மதிப்பெண். தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அந்தப் பக்கம்தான். தீபாவளிக்கு முந்தின நாள் இரவு வேளச்சேரியிலிருந்து பெட்டிகளோடு கிளாம்பாக்கம் போய்ச் சேர்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணக் கணக்கு. ஃபிளாட்டில் நீங்கள் வாங்குவது சுவரையும், அதற்கடியில் உள்ள நிலத்தில் பிரிபடாத பாகமான யுடிஎஸ்ஸையும். சுவர் தேயும், நிலம் தேயாது. இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடியில், மனை அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்எஸ்ஐ முன்பு 1.5 இருந்தபோது 7,200 சதுர அடி கட்டலாம். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்குச் சுமார் 667 சதுர அடி நிலம் வரும். 2019 விதிகளில் எஃப்எஸ்ஐ 2 ஆனதும் அதே மனையில் 9,600 சதுர அடி. அதே ஆயிரம் சதுர அடிக்கு 500 சதுர அடிதான். பத்திரத்தில் இந்த எண்ணைப் பாருங்கள். எல்லா வீட்டு யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்று ஒரு வரிக் கணக்கும் போடுங்கள். வராவிட்டால் மிச்ச நிலத்தை, மொட்டை மாடி உரிமையோடு, யாரோ வைத்திருக்கிறார்கள். வேளச்சேரியின் பழைய ஃபிளாட்டுகள் மங்கலாக இருந்தாலும் இந்த ஒரு எண்ணில் சேலையூரின் பளபளப்பான புது ஃபிளாட்டை அடித்துவிடும்.

பதிவுச் செலவு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பில்டரிடம் முதல் முறை வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலமும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்பின் மீது, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 50 லட்சத்துக்கு மேல் மூன்று கோடி வரை 5-ம் 2-ம். கைமாறும் பழைய வீட்டுக்கு 7-ம் 2-ம். எழுபத்தைந்து லட்சத்துக்கு முதலாவதில் 5.25 லட்சம், இரண்டாவதில் 6.75 லட்சம். புது ஃபிளாட் கட்டி முடியாத நிலையில் வாங்கினால் 5 விழுக்காடு ஜிஎஸ்டி, 3.75 லட்சம், மேலே ஏறும். நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் கிடையாது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு விழுக்காட்டை வருமான வரிக்காகப் பிடித்து விற்பவர் பெயரில் கட்டவேண்டியது வாங்குபவர் பொறுப்பு. கடைசி நேரத்தில் இதற்குத்தான் சண்டை வரும், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சேலையூரில் மனை அல்லது தனி வீடு பார்ப்பவர்கள் லேஅவுட் அனுமதியைத் தோண்ட வேண்டும். பழைய பஞ்சாயத்துக் கால மனைகள் பல அங்கீகாரம் இல்லாமல் பிரிக்கப்பட்டவை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறைப்படுத்திய ஆணையின் நகல் கையில் இல்லாவிட்டால் வங்கிக் கடனும் வராது, கட்டட அனுமதியும் கிடைக்காது. விமானப்படைத் தளம் அருகில் இருப்பதால் கட்டடம் எழுப்பவும் உயரத்துக்கும் தடையின்மைச் சான்று தேவைப்படும் இடங்கள் உண்டு. இன்னொரு மாடி எழுப்பும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் இதை முன்பே கேட்கவேண்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத் தொடர், பட்டா, புல வரைபடம் ஆகியவை இரண்டு ஊருக்கும் பொது. பட்டாவில் உள்ள அளவும் இடத்தை அளந்தால் வரும் அளவும் ஒத்துப்போகாத மனை சேலையூர்ப் பக்கம் அபூர்வம் அல்ல. அரசு சர்வேயரை வைத்து அளக்கும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

வாடகைக்கு விடும் நோக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வேளச்சேரி. தரமணி, ஓஎம்ஆர் அலுவலகங்கள் பக்கத்தில் இருக்கும்வரை வீடு காலியாகக் கிடப்பது அரிது. குடியிருக்க, ஃபிளாட்டாக என்றால், வேளச்சேரியில் மேட்டுத் தெருவில் பழைய எட்டு வீட்டுக் கட்டடம், 600 சதுர அடிக்கு மேல் யுடிஎஸ், உயர்ந்த சம்ப் உள்ளதைத் தேடுங்கள். கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். தாழ்வான நகர்களில் புதிதாக எழும் கட்டடம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். சொந்த மண்ணும் தனி வாசலும் வேண்டும், வேலை கிண்டி முதல் எழும்பூர் வரை எங்கோ இருக்கிறது என்றால், சேலையூரில் ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள், கலங்கலுக்கும் வாய்க்காலுக்கும் விலகிய புஞ்சை மனை. எதுவானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தால் முன்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரவேண்டும். நாள் எண்ணிக்கையை எழுத விற்பவர் தயங்கினால், பத்திரத்தை வழக்கறிஞர் இன்னொரு முறை படிக்கட்டும்.